பழைய லேத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது

சம்மட்டி விழுந்த புதன்கிழமை காலையில் பட்டறைக்குள் இருந்தவர்கள்:

நேசக்குமார். என் அக்கா புருஷன், பட்டறையின் சொந்தக்காரர். கையில் எட்டு பவுண்டு சம்மட்டி.

ஜெப்ஸி. என் அக்கா. கையில் டீத் தூக்கு.

டெரன்ஸ். விசைப்படகுக்காரர். இரண்டு கைகளும் இடுப்பில்.

ஷாம். அதாவது நான். கையில் செல்போன்.

இவர்களைத் தவிர ஒரு லேத். ஒன்றே கால் டன் எடை, பச்சை நிறம், என்ன கம்பெனி என்று தெரியாது. மேற்படி நால்வரில் அந்த லேத்தைப் பற்றி எல்லாம் அறிந்தவன் என்று நம்பப்பட்டவன் நான். அப்படி நம்பவைத்தவனும் நான்.

"தட்டட்டுமா மாப்ள?" என்று அத்தான் கேட்டார்.

செல்போனை இன்னொரு தடவை பார்த்தேன். மூன்று வாரம் தேடிப் பிடித்த பக்கம். "தட்டுங்க அத்தான். ஒரே அடி. லூசாயிரும்."

தட்டினார். உள்ளே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. லேத்தில் ஒரு நாளும் வேலை பார்த்திராத எனக்குக்கூட அது லூசாகிற சத்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங் இரண்டு வருடம் படித்துவிட்டு எழுந்து வந்தேன். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் நாலு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தேன். லாரி நம்பரையும் கண்டெய்னர் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அதையும் விட்டேன். யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் ஷிப்டுக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப் வரை போய், பஸ் வந்ததும் ஏறாமல் திரும்பிவிட்டேன். இப்போது தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். வேலைதான் போயிற்று, ராத்தூக்கம் திரும்பி வரவில்லை. பகல் பன்னிரண்டுக்கு எழுந்து, உலகத்தின் மேல் ஒரு சலிப்போடு பல் தேய்ப்பேன். பெரிய சிந்தனையாளன் என்று நினைப்பு. அக்கா இதை 'மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கான்' என்று ஒரே வரியில் சொல்வாள்.

இந்த நிலைமையிலும் எனக்கு ஒரு நிபுணத்துவம் இருந்தது. பழைய லேத்துகள். யார்டில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில் மற்றவர்கள் சீட்டாடினார்கள், நான் இணையத்தில் பழைய லேத்துகளைப் பற்றிப் படித்தேன். ஏன் லேத் என்று கேட்டால் பதில் இல்லை. எந்த நாட்டில் எந்த வருடம் செய்தது, அடிப்பாகம் எத்தனை அடி, நம்பரை எந்த மூலையில் அடித்திருப்பார்கள் என்றெல்லாம் விவாதிக்கிற குழுக்கள் உலகம் பூராவும் இருக்கின்றன. அதில் இருப்பவர்களில் பாதிப் பேர் ரிட்டயர்டு ஆசாமிகள், மீதிப் பேர் என்னைப் போல. 'தூத்துக்குடி டர்னர்' என்று பெயர் வைத்துக்கொண்டு நானும் அதில் பேசினேன். டர்னர் என்றால் லேத் ஓட்டுகிறவர். நான் அதுவரை ஓட்டியது கம்ப்யூட்டர் மவுஸ் மட்டும்.

நேசக்குமார் அத்தான் நிஜ டர்னர். இசக்கிராஜா அண்ணாச்சியின் பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, இந்த வருடம் மாசியில்தான் தனியாக வந்தார். வேம்பாரில் வன்னியபெருமாள் அண்ணாச்சி தன் பட்டறையை மூடிவிட்டு மகனோடு சென்னைக்குப் போனபோது அவருடைய லேத்தை அத்தான் வாங்கினார். மெஷின் நல்ல கனம், நல்ல ஓட்டம். ஒரு குறை, பெயர்ப்பலகை இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன.

இன்னொரு விசேஷம். வன்னியபெருமாள் அண்ணாச்சி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே. பிறகு சந்தனம், குங்குமம். பொட்டு வைக்க அவருக்கு வசதிப்பட்ட இடம் சக்குக்குப் பின்னால் இருந்த தடித்த வளையம். சக் என்பது லேத்தின் வாய். இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கத் தாடைகள் உள்ள வட்டு. அதன் பின்னால் இருந்த வளையத்தில் முப்பது வருடத்துப் பெயிண்டும் முப்பது வருடத்துச் சந்தனமும் மாறி மாறி ஏறி, பார்க்க அல்வாத் துண்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

அத்தான் மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய அன்று மண்ணெண்ணெய் போட்டு எல்லா இடத்தையும் துடைத்தார், அந்த வளையத்தை மட்டும் தொடவில்லை.

"மனுசன் முப்பது வருசமா கும்பிட்ட இடம்ல. நான் சுரண்டினேன்னு வையி, நேசக்குமாரு லேத்தை வேதத்துக்கு மாத்திட்டான்னு புதுக்கோட்டை பூரா பேசுவானுவ." வேதம் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவ மதம், எங்கள் மதம்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "பழைய மெஷினோட பெயிண்டைச் சுரண்டவே கூடாது அத்தான். அது அதோட சரித்திரம்." இது அந்தக் குழுக்களில் வாரத்துக்கு ஒருவர் சொல்கிற வாசகம். அத்தானுக்குத் தன் மரியாதைக்கு மேல் ஒரு விஞ்ஞானக் காரணமும் கிடைத்த திருப்தி.

மே மாதம் டெரன்ஸ் வந்தார். அவருடைய படகு தடைக்காலத்துக்காகக் கரையேறி நின்றது. ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகுக்காரர்களும் அந்த அறுபத்தோரு நாளில்தான் ரிப்பேர் பார்ப்பார்கள், அதனால் எல்லாப் பட்டறைகளும் நிரம்பி வழியும். டெரன்ஸின் படகில் இன்ஜினையும் ப்ரொப்பல்லர் தண்டையும் இணைக்கிற கப்ளிங் விரிசல் விட்டுவிட்டது. புதிதாக வார்த்த இரும்பை லேத்தில் கடைந்து தர வேண்டும். இசக்கிராஜா அண்ணாச்சியின் பட்டறையில் இடமில்லை என்றுதான் அத்தானிடம் வந்தார்.

"பதினஞ்சாம் தேதி விடியக்காலம் அத்தனை போட்டும் போவும். எம்போட்டு மட்டும் கரையில நின்னுச்சுன்னா எனக்குக் கேவலம்," என்றார் டெரன்ஸ். "நீரு புதுசு. ஒழுங்கா முடிச்சிக் குடுத்தீருன்னா எங்க ஆளுவள நானே கூட்டியாறேன். முடிக்கலன்னாலும் நாந்தான் சொல்லுவேன்."

அத்தானுக்கு வந்த முதல் படகு வேலை அது. அதுவரை மோட்டார் பம்புக்குச் சின்னச் சின்ன புஷ் கடைந்துகொண்டிருந்தார். இந்தக் கப்ளிங்கைச் செய்து கொடுத்தால் பட்டறை நிற்கும். கொடுக்காவிட்டால் திரும்பவும் இசக்கிராஜா அண்ணாச்சியிடம் போய் நிற்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவில் மாடியில் உலகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியும்.

ஆரம்பத்திலேயே தடங்கல். சக்கின் தாடைகள் கடல் காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்தன. பெரிய துண்டைப் பிடிக்கிற அளவுக்கு அவை விரியவில்லை. சக்கை லேத்திலிருந்து கழற்றி, பின்பக்கம் பிரித்துச் சுத்தம் செய்தால்தான் சரியாகும். சக் கழன்று வரவில்லை. இசக்கிராஜா அண்ணாச்சி பட்டறையில் இருப்பதெல்லாம் ஒரே மாதிரி லேத். அதில் சக்கை பாட்டில் மூடி மாதிரித் திருகிக் கழற்றிவிடலாம். அத்தான் பதினோரு வருடம் கழற்றியது அப்படித்தான். இது அசையவில்லை.

"அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமா?" என்றார் அத்தான். கேட்டுக்கொண்டே தலையையும் அவரே ஆட்டிக்கொண்டார். தனிக்கடை போட்ட நாலாவது மாசம் பழைய முதலாளியிடம் போய், என் மெஷினின் வாயைக் கழற்றத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"எதுக்கு அத்தான்? நான் இருக்கேன்லா," என்றேன்.

என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். நான் அவ்வளவு உழைத்ததே கிடையாது. லேத்தை நாலு பக்கமும் படம் பிடித்து ஆறு குழுக்களில் போட்டேன். ஒருவர், பின்பக்கக் கைப்பிடியின் படம் வேண்டும் என்றார். இன்னொருவர், இந்த மாதிரி கால்கள் உள்ள லேத் தன் மாமனாரிடம் இருந்ததென்றும் மாமனார் நல்லவர் என்றும் எழுதினார். ஸ்கேன் செய்த பழைய விலைப்பட்டியல்கள் நானூறு பக்கம் பார்த்தேன். எழுபது வருடத்துக்கு முந்திய விளம்பரங்களில் கோட்டு போட்ட ஆட்கள் லேத்தின் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் அத்தானிடம் அறிக்கை கொடுத்தேன்.

"இன்னைக்கு என்ன மாப்ள?"

"கால் டிசைனை வச்சுப் பாத்தா யுத்தத்துக்கு முந்துனது."

"எந்த யுத்தம்?"

"அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஏளா ஜெப்ஸி, அவனுக்கு இன்னொரு மீன் வையி. ஆராய்ச்சி பண்ணுதான்."

கடைசியில் அந்தப் பக்கம் கிடைத்தது. பழைய லேத்துகளுக்கென்றே உள்ள ஒரு தளம். அட்டவணை போட்டு, கட்டம் கட்டி, அவ்வளவு நேர்த்தி. எங்கள் லேத்தே படத்தில் இருந்தது போலத் தோன்றியது. கீழே எழுதியிருந்தது: சக் திருகு மரையில் மாட்டப்பட்டது. பின்னால் உள்ள வளையம் அசையாதது. வளையத்தின் விட்டம் எண்பத்தாறு மில்லிமீட்டர். கழற்றுவதற்கு, தண்டு சுற்றாதபடி மெதுவேகப் பல்சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு சக்கை ஓங்கி ஒரே அடி அடிக்கவும்.

எண்பத்தைந்தும் இல்லை, தொண்ணூறும் இல்லை, எண்பத்தாறு. அளந்து பார்க்காமல் யாரும் எண்பத்தாறு என்று எழுத மாட்டார்கள். அந்த எண்ணுக்கு நான் அடிமையானேன். எங்கள் வளையத்தை வெர்னியர் வைத்து அளந்தபோது தொண்ணூற்று மூன்று காட்டியது.

"ஏழு மில்லி கூட இருக்கே மாப்ள," என்றார் அத்தான்.

"பெயிண்ட் கனம் அத்தான். முப்பது கோட்டிங்."

ஒரு வளையத்தின் மேல் ஏழு மில்லிமீட்டருக்குப் பெயிண்ட் இருந்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் ஆராய்ச்சி புத்திக்கு எட்டவில்லை. சரித்திரத்தைப் பாதுகாப்பதில் மும்முரமாக இருந்தேன்.

இப்போது புதன்கிழமைக்குத் திரும்பலாம்.

சத்தம் கேட்டதும் அத்தான் சம்மட்டியைக் கீழே வைத்தார். மேல்மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். கையை எடுத்தபோது உள்ளங்கையில் வார்ப்பிரும்புப் பல் ஒன்று இருந்தது. பூட்டிவைத்திருந்த பெரிய பல்சக்கரத்தின் பல். பிடுங்கிய கடைவாய்ப் பல் போலவே இருந்தது, எண்ணெயோடு.

"மாதாவே," என்றார் டெரன்ஸ்.

அக்காதான் முதலில் குனிந்தாள். அடி விழுந்த அதிர்ச்சியில் வளையத்தின் மேலிருந்த பச்சையும் மஞ்சளுமான அடுக்கு ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து தரையில் கிடந்தது. அந்த இடத்தில் வெறும் இரும்பு தெரிந்தது. இரும்பில் செதுக்கிய மாதிரி சதுரமாக ஒரு பள்ளம்.

"இது என்னங்க பள்ளம்?"

அத்தான் உட்கார்ந்து பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரால் இன்னும் கொஞ்சம் பெயர்த்தார். இரண்டாவது பள்ளம். மூன்றாவது. பிறகு எழுந்து போய், நுனி வளைந்த ஸ்பேனர் ஒன்றை எடுத்து வந்து பள்ளத்தில் கொக்கியை மாட்டி, கையால் ஒரு தட்டுத் தட்டினார். சம்மட்டி தேவைப்படவில்லை. அசையாதது என்று நான் சொன்ன வளையம் சமர்த்தாகச் சுற்றியது. அது ஒரு நட்டு. முப்பது வருடமாகச் சந்தனத்துக்கடியில் இருந்த நட்டு. நாலு சுற்றில் சக் முன்னால் வந்து அத்தானின் கைகளில் உட்கார்ந்தது.

மொத்தம் அஞ்சு நிமிஷம். டீ அப்போதும் சூடாக இருந்தது.

"தம்பி," என்றார் டெரன்ஸ் என்னைப் பார்த்து. "நீ மூணு வாரமா போன்ல என்ன பாத்துக்கிட்டு இருந்த?"

சக் சாயங்காலமே சுத்தமாகிவிட்டது. தாடைகள் வெண்ணெயில் போவது போலப் போயின. ஆனால் கப்ளிங் பெரிய இரும்பு, மெதுவாகச் சுற்றினால்தான் கடைய முடியும். மெதுவாகச் சுற்றுவதற்கான பல்சக்கரத்தில்தான் பல் போயிருந்தது. அதைப் பற்றவைத்து அரத்தால் ராவிச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். கையில் இருந்தது நாலு நாள்.

வியாழக்கிழமை நான் மாடியை விட்டு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவன் யாரென்று கண்டுபிடித்து நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், தகவல் எடுத்த இடம் என்று ஒரு சுட்டி இருந்தது. அதை அழுத்தினேன். வேறொரு தளத்துக்குப் போனது, அங்கிருந்து இன்னொரு சுட்டி. அதையும் அழுத்தினேன். ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு பதிவு திறந்தது. நேரம் அதிகாலை மூன்று பத்து. எழுதியவர் தூத்துக்குடி டர்னர்.

எழுதியது ஞாபகமே இல்லை. படத்தைப் பார்த்ததும்தான் வந்தது. யார்டுக்கு ஒரு நாள் பழைய இரும்புச் சரக்கில் இரண்டு லேத் வந்திருந்தன. டார்ச் அடித்துப் படம் எடுத்திருக்கிறேன். அளவெடுக்க என்னிடம் டேப் இல்லை, கழுத்தில் தொங்கிய கேட் பாஸ் அட்டையை வளையத்தின் மேல் வைத்துப் பிடித்திருக்கிறேன். அட்டையின் நீளமும் வளையத்தின் விட்டமும் ஏறக்குறைய ஒன்று. கேட் பாஸ் அட்டை எண்பத்தாறு மில்லிமீட்டர். படத்தில் அந்த அட்டையிலிருந்து, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையோடு, என் முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே எழுதியிருந்தேன்: 'ஒரு அட்டை நீளம். அநேகமாக மரையாக இருக்கும். பல்சக்கரத்தைப் பூட்டி ஒரு அடி அடித்தால் கழன்றுவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.'

அடுத்தவன் அதைப் படியெடுத்தபோது அட்டையை மில்லிமீட்டராக மாற்றிவிட்டான். 'அநேகமாக'வைத் தூக்கிவிட்டான். அதற்கடுத்தவன் அட்டவணை போட்டுவிட்டான். ஏழு வருடத்தில் என் பொய் நன்றாகப் படித்து முன்னுக்கு வந்து, கோட்டு சூட்டோடு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நான் எழுந்து நின்று வணக்கம் வைத்திருக்கிறேன்.

பதிவின் கீழே நாலு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த நாலு பேரின் பல்சக்கரங்களும் எப்படியிருக்கின்றனவோ.

திருத்தலாம் என்று அந்த அட்டவணைத் தளத்தில் ஒரு குறிப்புப் போட்டேன்: 'இது தவறு. வளையம் சுற்றும். இதை முதலில் எழுதியவன் ஒரு மடையன்.' கால் மணி நேரத்தில் எந்த ஊர்க்காரரோ ஒருவர் பதில் போட்டார். ஆதாரமில்லாமல் பேசக் கூடாதென்றும், மூலப் பதிவை எழுதியவர் அனுபவமுள்ள டர்னர் என்றும், அதைப் படித்துவிட்டு வரும்படியும் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அத்தான் பைக்கை எடுத்தார். "வா, அண்ணாச்சியப் பாத்துட்டு வருவோம்," என்றார். என்னை எதற்குக் கூட்டிப்போகிறார் என்று கேட்கவில்லை. பாதி வழியில், அவர் முதுகைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

"அத்தான், அந்தப் பக்கத்துல இருந்தது நான் எழுதுனதுதான்."

"எந்தப் பக்கம்?"

"நெட்ல பாத்தேன்லா. ஏழு வருசத்துக்கு முந்தி யார்டுல இருக்கும்போது நாந்தான் எழுதிருக்கேன். சும்மா. குத்துமதிப்பா."

பைக் கொஞ்ச தூரம் போனது. உப்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டியது.

"அப்போ கேள்வி கேட்டதும் நீ."

"ஆமா."

"பதில் சொன்னதும் நீ."

"ஆமா அத்தான்."

"நடுவுல நான் எதுக்குல?"

இறங்கச் சொல்வார் என்று நினைத்தேன். வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

இசக்கிராஜா அண்ணாச்சியின் பட்டறையில் மூன்று லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தான் உடைந்த பல்லை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார். வேறு முன்னுரை இல்லை. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வேம்பார் வன்னியபெருமாள் மெஷினா? வளையத்தைக் கழத்தாம அடிச்சீயளோ?"

அத்தான் தலையை ஆட்டினார்.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா. வன்னியபெருமாளு சும்மாதான் கெடக்கான் சென்னையில. எவனாவது கூப்பிட மாட்டானான்னு கெடக்கான்."

இந்த மூன்று வாரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவருடைய நம்பர் அத்தான் போனில் இருந்தது. நானூறு பக்கம் விலைப்பட்டியல் பார்த்த என் போனிலும் இருந்தது. லேத்தை ஏற்றிவந்த அன்று நான்தான் பதிந்துவைத்தேன்.

"யாரு சொன்னா அப்படி அடிக்கச் சொல்லி?" என்றார் அண்ணாச்சி.

"வெளிநாட்டுல இருந்து ஒரு பெரிய ஆளு," என்றார் அத்தான், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

அதை நன்றியோடு கேட்டுக்கொண்டேன். அவமானம் நியாயமாக எனக்கு மட்டும் வந்திருக்க வேண்டும், அவர் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திவைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் மூணுலயும் வேலை இருக்கு. ஒரு மணி நேரம்கூடத் தர முடியாது," என்றார் அண்ணாச்சி. "ஞாயித்துக்கிழமை எம் பேத்திக்குக் காது குத்து. பட்டறை பூட்டிக்கெடக்கும். வேணும்னா சாவியத் தாரேன். பதினோரு வருசம் ஓட்டுன மெஷினுதானே. ஆனா நீதான் ஞாயித்துக்கிழமை சுத்தியலக்கூடத் தொட மாட்டியே."

அங்கேதான் சிக்கல். அத்தான் சர்ச் கமிட்டியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். அன்றைக்கு அவர் சட்டைப் பித்தானைக்கூடத் தைக்கவிட மாட்டார். போன வருடம் மாவுமில் ஜீவமணி ஞாயிறன்று மில்லை ஓட்டினார் என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஆறு நாள் அரைத்தது போதாதா என்று கேட்டுவிட்டு வந்தவர். இசக்கிராஜா அண்ணாச்சியின் பட்டறைக்கும் எங்கள் சர்ச்சுக்கும் நடுவே இருப்பது ஒரு சைக்கிள் கடை மட்டும். ஆராதனைக்குப் போகிற ஜீவமணி உட்பட அத்தனை பேரும் அந்தப் பட்டறை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஜூன் பதினாலு ஞாயிற்றுக்கிழமை.

அத்தான் உடைந்த பல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சாவிக்குக் கையை நீட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் திட்டம் போட்டோம். போட்டவள் அக்கா.

"வெளியே பூட்டிருந்தா உள்ள ஆளு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். "ஷாம் வெளியே நின்னு பூட்டட்டும். ஆராதனை முடிஞ்சு ஜனம் கலைஞ்ச பொறவு தொறந்துவிடட்டும்."

"சத்தம்?" என்றார் அத்தான்.

"கோயில்ல பாட்டு படிக்கும்போது இரும்பை நல்லா ஆழமா வெட்டுங்க. பிரசங்கம் ஆரம்பிச்சா மெல்லிசா வெட்டுங்க. எப்போ எதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஆண்டவருக்குக் கேக்கும்ளா."

"அவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஒங்களுக்குக் காய்ச்சல்னு பாதிரி ஐயர்கிட்டயும் நானே சொல்லிக்கிடுதேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ பூட்டிட்டு நேரா கோயிலுக்கு வா." எங்கள் வீட்டில் கோயில் என்றால் சர்ச்.

"நானா? ஆறு வருசமாச்சுக்கா."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நீ வந்தா கோயில் பூரா ஒன்னத்தான் பாக்கும். இவரு எங்கன்னு ஒருத்தருக்கும் தோணாது. முன் பெஞ்சில உக்காரு."

அந்தக் குடும்பத்தில் எனக்கென்று ஒரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது அன்றுதான். வேடிக்கைப் பொருள்.

டெரன்ஸின் படகு திங்கட்கிழமை விடிவதற்குள் மற்ற படகுகளோடு போய்விட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கப்ளிங் சரியாகப் பொருந்தியது. அத்தான் நல்ல டர்னர், என்னிடம் கேட்காமல் விட்டால்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் போனோம். தெருவில் ஆள் இல்லை. சர்ச்சில் ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்ளிங் வார்ப்பை இரண்டு பேரும் சாக்கில் வைத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம். அத்தான் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். பதினோரு வருடம் நின்ற இடத்தில் போய் நின்று, லேத்தின் கைப்பிடி ஒன்றை லேசாக அசைத்துப் பார்த்தார். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, நான் கூர்ந்தும் பார்க்கவில்லை.

"தண்ணி இருக்கா அத்தான்?"

"இருக்கு. ஜெப்ஸி இட்லியும் வச்சிருக்கா."

"நான் ஏதாவது பாக்கணுமா? கப்ளிங் அளவு, அந்த மாதிரி?"

அவர் திரும்பினார். "ஷாமு. அந்தப் போனைக் குடு."

கொடுத்தேன். வாங்கி, தன் பழைய சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோயில்ல போயி உக்காரு. ஒம்பாட்டுக்கு எந்திரிச்சு வந்துராத. எல்லாத்துலயும் பாதியில எந்திரிச்சு வார மாதிரி இதுலயும் வந்தேன்னு வையி, நான் உள்ள கெடந்து அவிஞ்சிருவேன். கடைசி ஆசீர்வாதம் முடியிற வரைக்கும் இருக்கணும். என்ன?"

"இருப்பேன் அத்தான்."

"பேனர்ஜிக்குக் கேக்குற மாதிரி பாட்டுப் படி. நானும் அதுக்குத் தக்கன வெட்டணும்லா," என்றார். பேனர்ஜி சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர், காது கொஞ்சம் மந்தம். அத்தான் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

வெளியே வந்தேன். ஜீவமணி குடும்பத்தோடு தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அவசரமில்லாதவன் போல இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினேன். ஜனம் தாண்டும்வரைக்கும் என்று பேசிவைத்தபடி உள்ளே விளக்கு அணைந்தது. தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.